ஆள் வருது

அவளுக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்தவன் அவள் தம்பிதான். பல் செட் செய்கிற அக்கா, ஆகவே பல்லக்கா. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அந்த அச்சின் மேல் மெழுகு வைத்து, பல் அடுக்கி, கடிமானம் பார்த்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். இருபது வருஷமாக அதே வேலை. அவள் கைபட்ட பல்லோடு எத்தனையோ பேர் எங்கெங்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

லைசென்ஸ் பறிபோன பிறகு தம்பி அந்தப் பெயரில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினான்.

"பல்லக்கு! கெளம்பலாமா? தூக்குறவன் ரெடி."

அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே காரில் ஏறுவாள். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டைக்குக் கீழே இறங்காது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து காரோட்டி வரும்போது, நாக்கு நுனியில் செம்புக் காசை வைத்தது போல ஒரு ருசி வந்தது. அடுத்து அவள் கண் திறந்தபோது கார் சாலை நடுவிலிருந்த திட்டின் மேல் ஏறி நின்றது. யார் மேலும் படவில்லை. கடவுள் கண்ணை மூடாமல் இருந்தார். வலிப்பு என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். மாத்திரையையும் மீறி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வரும், ஒரு நிமிஷம் இருக்கும், போய்விடும். இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் இருந்த ஊரில் கார் இல்லாதவர்களுக்குக் கால் இல்லை. பால் வாங்க நான்கு கிலோமீட்டர். அதுவும் நடைபாதையே இல்லாத பெரிய சாலை, லாரிகள் காதை உரசிக்கொண்டு போகும். ஆகவே வேலைக்கு, மருந்துக் கடைக்கு, டாக்டரிடம், எல்லாவற்றுக்கும் தம்பி.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கடல் தாண்டி ஓர் ஊரில், அறுபது மாடிக் கட்டடங்களில் வேலை செய்ய அவனுக்கு அழைப்பு வந்திருந்தது. இரண்டு முறை தள்ளிப்போட்டான். மூன்றாவது கடிதத்தில் தேதி போட்டு, அதற்குள் வராவிட்டால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள்.

"நீ ஒரு ஊர்ல காலூன்று. அன்னிக்கே நான் விமானம் ஏறுறேன்" என்றான் தம்பி. "நடந்தே எல்லாத்துக்கும் போற ஊரா, பஸ் ஒழுங்கா வர்ற ஊராப் பார்ப்போம். கெடைக்கலன்னா இந்தப் பல்லக்கை ஆயுசுக்கும் தூக்கிட்டுப் போறேன், அதுக்கென்ன."

அதுக்கென்ன என்று அவன் சொன்ன விதம் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. நிஜமாகவே தூக்கிவிடுவான், அதுதான் பயம்.

இரண்டு ஊர் பார்த்தார்கள். முதல் ஊரில் நடைபாதை பட்டுப் போல இருந்தது, பஸ்தான் மாப்பிள்ளை போல எல்லோரையும் காக்கவைத்துவிட்டு வந்தது. இரண்டாவது ஊரில் ரயில் நன்றாக ஓடியது, ஸ்டேஷனுக்கு எண்பத்திரண்டு படி. "படியில வந்துச்சுன்னா உருண்டே வேலைக்குப் போயிடலாம், டிக்கெட் மிச்சம்" என்றான் தம்பி. அந்த ஊரும் அடிபட்டுப் போயிற்று.

மூன்றாவது ஊரின் வீட்டுத் தரகர் ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னார்: "எங்க ஊர் பஸ் யாரையும் விட்டுட்டுப் போகாதும்மா."

அந்த வாக்கியம் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. நோட்டில் எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டாள்.

நான்கு நாளைக்கு ஒரு சின்ன வீட்டை எடுத்துக்கொண்டார்கள். தரைத் தளம். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே பஸ் நிறுத்தம். குழாய் சொட்டியது. தம்பி வந்த அரைமணியில் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துவிட்டான். சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியாது.

"நீ தனியாப் போயிட்டு வா. நான் கூட வந்தா அது சோதனையே இல்ல" என்றான்.

நோட்டும் கையுமாக அவள் கிளம்பினாள். மருந்துக் கடை, ஐந்து நிமிஷ நடை. காய்கறிக் கடை, ஏழு. டாக்டர், ஒன்பது. நடைபாதை அகலமாக, உடையாமல், எல்லா மூலையிலும் சரிவாக இறங்கி ஏறியது. சாலையைக் கடக்க நின்றதும் வண்டிகள் நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. யாருமே அடிக்கவில்லை என்பது சிறிது நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவ்வளவு பேர் நடந்தார்கள், அவ்வளவு செருப்பும் தரையில் பட்டன, ஆனாலும் ஊர் எதற்கோ காது கொடுத்துக்கொண்டு நிற்பது போல இருந்தது.

அவளை வேலைக்குக் கேட்டிருந்த பல் லேப் இருந்த தெருவுக்குப் போக, ஊரைச் சுற்றி வரும் நான்காம் எண் பஸ். பலகையில் போட்டிருந்த நிமிஷத்துக்கு வந்து நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் கைப்பையை வைத்தாள்.

அது அவள் வழக்கம். வலிப்பு வந்தால் சரிந்து விழ இடம் வேண்டும். அதைவிட முக்கியம், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒருவரும் இருக்கக் கூடாது. வாய் கோணி, எச்சில் வழிந்து, கால் உதைத்துக்கொள்கிற அந்த ஒரு நிமிஷத்தை அந்நியர் பார்ப்பதை விடச் செத்துப்போகலாம் என்று நினைத்திருந்தாள்.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். வெளியே கண் கூசும் வெயில். அவர் கையில் நீளமான கருப்புக் குடை.

"இங்க ஆள் இருக்கா?"

"ஆள் வருது" என்றாள் அவள்.

நாம் எல்லோரும் சொல்லியிருப்போம். சொல்கிறவர் அதை நினைத்துச் சொல்வதில்லை, கேட்கிறவர் நம்பிக் கேட்பதில்லை. முணுமுணுத்துக்கொண்டு வேறு இடம் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

குடைக்காரர் முணுமுணுக்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

"வருதா? ரொம்ப சந்தோஷம்" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

பஸ்ஸில் பேச்சு நின்றுபோயிற்று. டிரைவர் கண்ணாடியில் அவளை ஒரு தரம் பார்த்தார்.

அடுத்த நிறுத்தத்தில் கதவு திறந்தது. வெளியே ஒருவரும் இல்லை. பஸ் கிளம்பவில்லை. பத்து எண்ணினாள், இருபது எண்ணினாள். எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண், வருகிறவருக்கு வழிவிடுவது போல நடைவழியிலிருந்த தன் கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள். நாற்பது எண்ணியபோது டிரைவர் திரும்பினார்.

"இந்த ஸ்டாப் இல்லையாம்மா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முகத்துக்கு எதிரே நாக்கு எழவில்லை.

"இல்ல... அடுத்தது" என்றாள்.

அடுத்ததிலும் நாற்பது. அதற்கடுத்ததிலும் நாற்பது. அவள் இறங்கி, ஓட்டமும் நடையுமாகத் தெரு முனை திரும்பும்வரை பஸ் கதவைத் திறந்தபடியே நின்றது. மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிஷம். பலகையில் போட்டிருந்ததும் பன்னிரண்டுதான். அவ்வளவு நேரம் நின்ற பஸ் எப்படி நேரத்துக்கு வந்தது? நோட்டில் எழுதினாள், எழுத்து கோணியது.

தம்பியிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "உன் பொய்க்கே பஸ் நிக்குதுன்னா, உண்மை சொன்னா வீட்டுக்குள்ளயே வந்து ஏத்திட்டுப் போவான் போல. இந்த ஊரையே முடிச்சிடுக்கா."

மறுநாள் லேப்பில் வேலை செய்து காட்ட வேண்டும். பல்லக்கா அதே பஸ்ஸில் ஏறினாள். உள்ளே மூச்சுவிட இடமில்லை. எல்லா சீட்டும் நிறைந்து, நடைவழியும் நிறைந்து, ஒரே ஒரு ஜோடி சீட் மட்டும் காலியாக இருந்தது. ஜன்னல் பக்கம் ஒன்று. அதன் பக்கத்து சீட்டில் மடித்த கைக்குட்டை ஒன்று.

"உட்காருங்கம்மா" என்றாள் கூடைக்காரப் பெண். "உங்க ஆளுக்கு எடம் போட்டு வெச்சிருக்கோம்."

"அதெல்லாம் வேணாங்க... வேற யாராவது..."

"அதெப்படி? வருதுன்னு சொன்னீங்கல்ல?"

மிரட்டல் ஏதும் இல்லை அந்தக் குரலில். அன்பு மட்டுமே இருந்தது. அந்த அன்புதான் அவள் முதுகைச் சில்லிட வைத்தது. உட்கார்ந்தாள். நேற்றைய குடைக்காரர் இன்றும் பக்கத்தில் நின்றார். இன்றும் வெயில், இன்றும் குடை.

லேப் நல்ல வெளிச்சமான கூடம். பிளாஸ்டர் பொடி படிந்த மேஜைகள், வரிசையாக வெள்ளைத் தாடைகள், உருகிய மெழுகு வாசனை. முதலாளியம்மா அவளிடம் ஒரு மேல் தாடை அச்சைக் கொடுத்தாள். கை தன்னால் வேலை செய்தது. முன்பல் ஆறையும் வைத்து, ஒரு பல்லை மட்டும் மயிரிழை திருப்பினாள்; பிறந்த பல் எதுவும் வாத்தியார் வரைந்த கோடு போல நிற்காது.

"இந்தக் கையைத்தான் தேடிட்டிருந்தேன்" என்றாள் முதலாளியம்மா. "நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லிடுங்க. இது உங்க மேஜை." மேஜைக்கு முன்னால் இரண்டு முக்காலி இருந்தன. ஆணியில் இரண்டு மேலங்கி தொங்கின.

"ரெண்டு எதுக்கு?"

"உங்க ஆள் வருதாமே. பஸ்ல சொன்னாங்க."

திரும்பி நடக்கையில்தான் காலடியைக் கேட்டாள். அவள் அடிக்கு அரை அடி பின்னால் இன்னொரு அடி. நின்றால் நிற்கும். நடந்தால் நடக்கும். சாலையைக் கடந்து மறுபுறம் வந்துவிட்டாள். நின்ற வண்டிகள் கிளம்பவில்லை. அவளுக்குப் பின்னால் மெதுவாக ஒருவர் கடப்பது போல, அத்தனை டிரைவர்களின் பார்வையும் வெறும் சாலையில் ஊர்ந்து, நடைபாதையில் ஏறி, அவள் பக்கத்தில் வந்து நின்றது. பிறகுதான் வண்டிகள் கிளம்பின.

தரகர் தெருமுனையில் காத்திருந்தார். அவள் குடிவரப் பார்த்து வைத்திருந்த வீட்டுக்குச் சாவி நீட்டினார். இரண்டு சாவி.

"ஒண்ணு போதுங்க."

"வர்ற ஆளுக்கு ஒண்ணு வேணும்ல" என்றார் சிரித்தபடி.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது நிறுத்தத்தில் கதவு திறந்து மூடியது. கைக்குட்டை மெதுவாக உள்ளே அமுங்கியது. ஒருவர் பாதி உட்கார்ந்து, இன்னும் முழுப் பாரத்தையும் இறக்காமல் இருப்பது போல மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்தது. கடவுளே, கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டில் குழாய் இன்னும் சொட்டியது. காலையில் கழற்றிப்போட்ட திருகெல்லாம் தரையில் அப்படியே கிடந்தன. தம்பி ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, சாப்பிட்டியா?"

"மணி என்ன ஆச்சு?" என்றான். "காலைல உட்கார்ந்தேன். எழுந்திருக்கவே தோணல. யாரோ கூப்பிடற மாதிரியே இருந்துச்சுக்கா. வாங்க, எடம் போட்டு வெச்சிருக்கோம்னு."

அவனிடம் அவள் கைக்குட்டையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவனைத் தனியாக அந்த ஜன்னலருகே விட்டுப்போக மனம் வரவில்லை. அவனும் சாயங்காலத்துக்குள் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும். முதலில் லேப்புக்குப் போய்ப் பேசிவிட்டு, பிறகு அவன் ஃபோன் செய்வது என்று ஏற்பாடு.

தம்பி பஸ்ஸில் கால் வைத்ததும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் விட்ட மூச்சு.

"வந்துட்டாரு" என்றாள் கூடைக்காரப் பெண்.

"வந்தாச்சா? ரொம்ப சந்தோஷம்" என்றார் குடைக்காரர். டிரைவர் கண்ணாடியில் தலையசைத்தார். யாரோ கைக்குட்டையை எடுத்தார்கள். அந்தப் பள்ளத்தில் தம்பி உட்கார்ந்தான். தோள், இடுப்பு, முதுகு எல்லாம் அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தின. பல்லுக்குக் கடிமானம் சரியாக விழுந்தால் எப்படி ஒரு சத்தமும் வராதோ, அப்படி.

இப்போது பஸ் எங்கும் காத்திருக்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

"பழகின எடம் மாதிரி இருக்குக்கா" என்றான் தம்பி. குரலில் கேலி இல்லை. எப்போதும் ஒரு கேலி இருக்கும் அந்தக் குரலில். அது இல்லாமல் கேட்டபோது வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

அவன் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். கம்பெனிதான்.

"எடுடா."

"எடுக்கலாம். என்ன அவசரம்?" ஃபோனை அணைத்துப் பையில் போட்டான்.

லேப் நிறுத்தம் வந்தது. அவள் எழுந்தாள். அவன் எழவில்லை.

"நீ எறங்கிப் போயிட்டு வாக்கா. நான் உட்கார்ந்திருக்கேன்."

"எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்ப?"

"எவ்வளவு நேரம்னாலும்."

கையைப் பிடித்து இழுத்தாள். கை ஈரமண் மூட்டை போலக் கனத்தது. கதவு மூடியது, பஸ் நகர்ந்தது. அவள் திரும்ப உட்கார்ந்தாள். சுற்றிலும் எல்லோரும் அவர்கள் இருவரையும் பார்த்துக் கனிவாகப் புன்னகைத்தார்கள், நல்ல காரியம் ஒன்று நல்லபடி முடிந்ததைப் பார்ப்பது போல.

அப்போதுதான் அவளுக்கு அந்த முதல் நாள் நினைவுக்கு வந்தது. ஆள் இருக்கா என்று கேட்டபோது, ஆள் வருது என்று சொன்னபோது, கண்ணுக்குள் ஒரு முகம் வந்து போனதே, அது யார் முகம்? தம்பியின் முகம்தான். இரண்டு வருஷமாக அவள் பக்கத்து சீட்டில் வேறு யாருடைய முகம் இருந்தது? அவன் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிய இரண்டு முறையும், "நீ போடா, நான் எப்படியோ பார்த்துக்கறேன்" என்றாள். எப்படியோ என்ற அந்தச் சொல்லை எந்த ராகத்தில் சொன்னால் ஒரு தம்பி பெட்டியைத் திரும்பப் பரணில் போடுவானோ, அந்த ராகத்தில் சொன்னாள். அவளுக்கே தெரியாமல் சொன்னாள் என்றுதான் நம்பியிருந்தாள். இந்த ஊர் அவள் வாயை நம்பவில்லை, உள்ளே இருந்ததை நம்பி இடம் போட்டுவிட்டது.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பக்கத்தில் நின்ற குடைக்காரர் தடுமாறினார். குடையைத் தரையில் அழுத்தி ஊன்றி, உதட்டைக் கடித்து நிமிர்ந்தார். குடையின் நுனியில் ஒரு ரப்பர் மூடி. தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த மூடி. அவர் வலது முழங்கால் பேன்ட்டுக்குள் பானை போல வீங்கியிருந்தது.

மழைக்கு வைத்திருந்த குடை இல்லை அது. மூன்று நாளாகப் பார்க்கிறாள். ஒரு நொடிகூட அது கைத்தடி என்று அவள் கண்ணுக்குப் படவில்லை.

கடவுள் பெரிய கதவுகளை எல்லாம் தாழிட்டாலும் சின்னக் கதவு ஒன்றைச் சும்மா சாத்தித்தான் வைத்திருப்பார். தள்ளினால் போதும். அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா" என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "ஆள் யாரும் வரல. அன்னிக்கு நான் பொய் சொன்னேன். பக்கத்துல யாரும் உட்காரக் கூடாதுன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க. நீங்க உட்காருங்க."

பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. புன்னகைகள் அப்படியே உறைந்து நின்றன. டிரைவரின் கண் கண்ணாடியில் அசையவில்லை.

"வந்துட்டாரேம்மா" என்றாள் கூடைக்காரப் பெண் மெல்ல. "உட்கார்ந்திருக்காரே."

"இது அவன் எடம் இல்லம்மா. நான் பிடிச்சு வெச்ச எடம்." தம்பியின் தோளில் கை வைத்தாள். இந்த முறை இழுக்கவில்லை. "எழுந்திருடா. இவருக்கு முட்டி வலிக்குது."

போ என்று சொன்னால் போகாதவன், வா என்றால் வராதவன், ஒருவருக்கு முட்டி வலிக்கிறது என்றதும் அசைந்தான். சிறு வயதிலிருந்தே அவன் அப்படித்தான். மெத்தை அவன் முதுகைவிட்டுப் பிரிய ஒரு கணம் பிடித்தது, ஈரத் துணியை உரிப்பது போல. எழுந்து நின்று கண்ணைக் கசக்கினான்.

"என்னக்கா, ஸ்டாப் வந்துடுச்சா? சார், நீங்க உட்காருங்க சார், மொதல்ல உட்காருங்க."

குடைக்காரர் உட்கார்ந்தார். அப்பாடா என்று அவர் விட்ட மூச்சில் பஸ்ஸே தளர்ந்தது. யாரோ இருமினார்கள். பின்னால் ஒருவர் யாரிடமோ வெங்காயம் வாங்கினாயா என்று கேட்டார். முதல்முறையாக வெளியே எங்கோ ஒரு ஹாரன் கேட்டது.

அடுத்த நிறுத்தத்தில் தம்பியை இறங்கச் சொன்னாள். "ஃபோனை எடுத்துப் பேசு. வர்றேன்னு சொல்லு."

"நீ தனியா..."

"தனியா இல்லடா. பஸ்ல இருக்கேன்."

இந்த முறை அந்தக் குரலில் எப்படியோ என்ற ராகம் இல்லை. அவன் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தான். இறங்கினான்.

இரண்டு தெரு தாண்டியிருக்கும். நாக்கு நுனியில் செம்பு ருசித்தது.

இப்போதா, என்று நினைத்தாள். சரிந்து விழ இடமில்லை. பக்கத்தில் அந்நியர். இத்தனை முகங்கள். "ஐயா" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

கண் திறந்தபோது ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தாள். தலைக்குக் கீழே மடித்த கோட்டு, அதற்குக் கீழே வீங்காத இன்னொரு முழங்கால். ஒரு கை அவள் வாயோரத்தைக் கைக்குட்டையால் துடைத்தது. இடம் போட்டு வைத்த அதே கைக்குட்டை. கூடைக்காரப் பெண் தன் கூடை மூடியால் விசிறிக்கொண்டிருந்தாள். ஜன்னலெல்லாம் திறந்திருந்தன. பஸ் நின்றிருந்தது.

"ஒரு நிமிஷம்தாம்மா" என்றார் குடைக்காரர். "பயப்படாதீங்க. எங்க தபால் ஆபீஸ்ல கூட ஒருத்தருக்கு வரும். சும்மா சாய்ச்சுப் படுக்க வெச்சு, கூட இருந்தாப் போதும்." கொஞ்சம் யோசித்து, "நாள் முழுக்க நின்னு முத்திரை குத்துறவன் நான். மூணு நாள் நின்னு இன்னிக்குத்தான் எடம் கெடச்சுது. ரெண்டு ஸ்டாப் நிம்மதியா உட்கார விட்டீங்களா?" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எச்சிலோடு சிரித்தாள். யாரும் முகத்தைத் திருப்பவில்லை.

"எனக்காக நிக்க வேணாம், வண்டியை எடுங்க" என்றாள் டிரைவரிடம்.

"நீங்க எழுந்து உட்காருங்கம்மா மொதல்ல. வண்டி எங்க போயிடப் போகுது?"

பஸ் ஊரைச் சுற்றி மறுபடி லேப் தெருவுக்கு வந்து அவள் இறங்கியபோது ஏழு நிமிஷம் தாமதம். நிறுத்தத்தில் காத்திருந்த ஒருவர் டிரைவரைச் சத்தம் போட்டார். டிரைவர் பதிலுக்குச் சத்தம் போட்டார். பல்லக்கா நோட்டை எடுத்து ஏழு நிமிஷம் தாமதம் என்று எழுதினாள். எழுத்து கோணவில்லை. நடந்தாள். அவள் காலடி ஒன்றுதான் கேட்டது. லேப்பில் மேஜைக்கு முன்னால் ஒரே ஒரு முக்காலி இருந்தது.

"வந்துடறேன்மா, ஒண்ணாந்தேதிலேர்ந்து" என்றாள் முதலாளியம்மாவிடம்.

ஐந்து மாதம் ஆயிற்று. தம்பி வாரத்துக்கு இரண்டு முறை நாற்பதாவது மாடியிலிருந்தோ ஐம்பதாவது மாடியிலிருந்தோ பேசுவான்.

"பல்லக்கு, எப்படி இருக்க?"

"கடைசி எழுத்தைத் திருத்துடா. கா."

"சரிங்க மகாராணி, பல்லக்கா. எங்க இருக்க?"

"பஸ்ல. வை, அப்புறம் பேசறேன்."

அவள் அன்று அவசரமாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. முன் சீட்டில் புதுசாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஊர் வரைபடம், கண்ணில் தூக்கமின்மை, பக்கத்து சீட்டில் கைப்பை. யாரோ அவளிடம் ஆள் இருக்கா என்று கேட்டார்கள். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

"ஆள் வருது."

பஸ்ஸில் பேச்சு அடங்கியது. புன்னகைகள் ஒவ்வொன்றாக மலர்ந்து நின்றன. நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, வெளியே ஒருவரும் இல்லை. டிரைவரின் கண் கண்ணாடியில் உயர்ந்தது. கைப்பையின் கீழே மெத்தை இலேசாக, மிக இலேசாக அமுங்கத் தொடங்கியது.

பல்லக்கா எழுந்து போனாள். கைப்பையைத் தூக்கி அந்தப் பெண்ணின் மடியில் வைத்துவிட்டு, அமுங்கத் தொடங்கிய இடத்தில் நன்றாக, முழுப் பாரத்தோடு உட்கார்ந்தாள். சீட் சில்லென்று இருந்தது.

"வந்துட்டேன்மா" என்றாள். "அந்த ஆள் நான்தான். வீடு பாக்க வந்தீங்களா?"

டிரைவர் வண்டியை எடுத்தார்.